வேஸ்ட் ரூம் பூனை

நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி அவிநாசிபாளையத்திலிருந்து உள்ளே போகும் ரோட்டில், ஒரு தென்னந்தோப்பை ஒட்டி இருக்கிறது. முன்பு கோழிப்பண்ணை. கோழிகள் போய் தையல் மெஷின்கள் வந்தன. கூரையை மட்டும் மாற்றவில்லை. எனக்கு ஆடிட் வேலை. தன் டி-சர்ட் எப்படிப்பட்ட இடத்தில் தைக்கப்படுகிறது என்று பார்த்து வர, பையர் என்று நாங்கள் சொல்லும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்பும். அந்த ஆள் வரும்போது, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்லும் ஃபைல்களை எடுத்து நீட்டுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஃபைலுக்குள் பார்த்தால் எங்கள் கம்பெனி மிகவும் அழகானது.

ஃபைலில் இல்லாதவை பூனைகள். கட்டிங் மேஜையில் வெட்டி மிஞ்சும் துணித்துண்டுகளைப் பின்னால் ஒரு அறையில் கொட்டி வைப்போம். அதற்கு வேஸ்ட் ரூம் என்று பெயர். துணிக்கு எலி வந்தது, எலிக்குப் பூனை வந்தது, பூனைக்கு வேறு பூனை வந்தது. முதலாளி ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், பெட்டிக்குள்ள பூனை முடி கிடந்துச்சுன்னு பையர் போட்டோ எடுத்து அனுப்பீருக்கான். எல்லாத்தையும் சாக்குல கட்டி, காங்கேயத்துல ஏதாச்சும் அரிசி மில்லுப் பக்கம் உட்டுட்டு வரச் சொல்லீர்றனுங்க."

சாக்கு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அரிசி மில் வரைக்கும் எவனும் போகமாட்டான். வழியில் வாய்க்கால் இருக்கிறது.

"கருத்தடை பண்ணீட்டாப் பெருகாதுங்க. இருக்கறது எலியப் புடிச்சிட்டுக் கிடக்கும்" என்றேன்.

"பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடுங்களா?" அவர் சிரித்து முடிக்கச் சற்று நேரம் ஆயிற்று. "சரிங்க, பண்ணிப் பாருங்க. ஆனா புதுசா ஒரு குட்டி என் கண்ணுல பட்டாலும் அப்புறம் சாக்குதானுங்க."

இப்படித்தான் ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு ஒரு லட்சியம் கிடைத்தது. "மத்தவங்களுக்கு இந்த வயசுல பக்தி வருதுங்க, உங்களுக்குப் பூனை வந்திருக்குது" என்றாள் மனைவி. கருவாடு காட்டிப் பிடிப்பேன். மூச்சுக்கு ஓட்டை போட்ட எக்ஸ்போர்ட் பெட்டியில் அடைத்து, பைக்கில் கட்டி, திருப்பூரில் ஒரு தனியார் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோவேன். பெட்டியின் மேல் ஏதோ ஐரோப்பியத் துறைமுகத்தின் பெயர் அச்சாகியிருக்கும். உள்ளே போகிறவர் அவ்வளவு தூரம் போகப்போவதாக நினைத்துக் கத்துவார். ஐந்து பூனைகளை முடித்தேன். ஐந்தும் பிழைத்தன. கையில் கீறல்களோடு ஆபீசுக்குள் நடக்கும்போது ஏதோ போர்முனையிலிருந்து திரும்பியவன் போல ஒரு நடை வந்துவிட்டது எனக்கு.

ஆறாவது, வேஸ்ட் ரூமிலேயே வாசம் செய்த சாம்பல் நிறப் பெண்பூனை. அதற்குச் சோறு வைத்துப் பழக்கியவர் செக்கிங் செக்‌ஷனில் இருக்கும் ஓர் அம்மா. எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. தைத்த துணியில் அறுந்த ஒரு நூலைப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்துவிடும் கண். மகளுக்குப் பிரசவம் என்று லீவில் போகும் முன் என்னிடம் வந்தார்.

"சார், சாம்பலுக்கு வவுறு எறங்கீருச்சுங்க. இன்னைக்கோ நாளைக்கோ போட்டுரும். நான் வர்ற வரைக்கும் அதைப் புடிச்சுக்கிடிச்சு வெச்சுராதீங்க."

தலையை ஆட்டினேன். ஆடிட் ஃபைல் பார்ப்பவனுக்குத் தலையாட்டுவது மூச்சு விடுவது மாதிரி.

ஒரு வாரம் போனது. வியாழக்கிழமை ஆடிட் என்று மெயில் வந்தது. எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரு பண்டிகை. தரை கழுவுவார்கள், முதலுதவிப் பெட்டிக்குள் மருந்து வைப்பார்கள், தீயணைக்கும் சிலிண்டரின் தூசி துடைப்பார்கள், சேர்ந்து கிடக்கும் வேஸ்ட்டை மூட்டை கட்டி வண்டியேற்றுவார்கள். பட்டியல் போடுவது நான். அதில், வேஸ்ட் ரூம் காலி என்று ஒரு வரி. அதற்குக் கீழே, பூனை என்று ஒரு வரி. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம் என்று கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு திருப்தியும் இருந்தது.

புதன் காலை கருவாட்டோடு போனேன். மற்ற நாட்களில் என்னைக் கண்டால் மெஷினுக்கு அடியில் ஒளிகிற சாம்பல், அன்று பாய்ந்து வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. கருவாட்டை விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது, பெட்டிக்குள் தானாகவே ஏறியது. ஒருவழியாக என் அன்பைப் புரிந்துகொண்டுவிட்டது என்று நினைத்தேன். வயிறு ஒட்டிப்போயிருந்ததைப் பார்க்காமல் இல்லை; அக்கா இல்லாமல் சோறு குறைந்ததில் இளைத்துவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். கிளம்பும் முன் வேஸ்ட் வண்டிக்கான கேட் பாஸில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

டாக்டர் மயக்க ஊசி போட்டு, வயிற்று முடியைச் சிரைத்த பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"பால் கட்டீருக்குதுங்களே. போட்டு ஒரு வாரம்தான் இருக்கும். குட்டிக எங்கீங்க?"

வெளியே வந்து கம்பெனிக்குப் போன் போட்டேன். கட்டிங் மாஸ்டர் எடுத்தார். மெஷின் சத்தத்தில் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

"குட்டிங்களா? அப்படி ஒண்ணும் கண்ணுல படலீங்களே சார். வேஸ்ட் ரூம் சுத்தமா கழுவி உட்டாச்சு."

"வேஸ்ட்டு?"

"வண்டி போயி ஒரு மணி நேரமாச்சுங்க. நீங்கதான பாஸ் போட்டீங்க?"

வேஸ்ட் மூட்டை கட்டுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆள் உயரச் சாக்கில் துண்டுகளைக் கொட்டி, ஓர் ஆள் உள்ளே இறங்கி மிதிப்பான். மிதிக்க மிதிக்க இறங்கும். மேலே இன்னும் கொட்டி இன்னும் மிதிப்பான். நிரம்பியதும் வாயைத் தைத்துவிடுவார்கள். மூலையில் பாதி நிரம்பிய மூட்டை ஒன்று வாய் திறந்தபடி சாய்ந்து கிடந்ததாம். அதை நிமிர்த்தி, மேலே கொட்டி, மிதித்திருக்கிறார்கள். மிதித்தவன் பீகார்ப் பையன், காதில் பாட்டு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தாய் அங்கே இருந்திருந்தால் கை வைத்தவனைப் பிறாண்டியிருக்கும், குட்டி இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். தாயைத்தான் நான் ஐரோப்பாவுக்கு ஏற்றிவிட்டேனே.

மயக்கத்திலிருந்த சாம்பலை டாக்டரிடம் விட்டுவிட்டு, அனுப்பர்பாளையம் போகும் வழியில் இருந்த வேஸ்ட் குடோனுக்குப் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லா மூட்டையும் ஒரே மாதிரி. கலர் வாரியாகத் துண்டு பிரிக்கும் பெண்கள் இருவர், என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஒன்றும் கேட்காமல் தையலைப் பிரித்துத் தந்தார்கள். ஐந்தாவது மூட்டையின் அடியில், வெள்ளைத் துண்டுகளுக்கு நடுவில் இருந்தன. நான்கு. ஒன்றுக்கு மட்டும் கண் பாதி திறந்திருந்தது, அந்த வயதில் திறக்கிற மாதிரி.

குடோன்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க, எடை ஏத்தறதுக்கு இப்ப இதெல்லாமா உள்ள போடறீங்க?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவர்களைக் கிண்டல் செய்து பேர் வாங்கியவன் நான். அன்று நான்கையும் ஒரு வெள்ளைத் துண்டில் பொதிந்து எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஆடிட் நடந்தது. வேஸ்ட் ரூமில் விலங்குகள் உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதினேன். என் சர்வீசில் நான் எழுதிய பதில்களில் அது ஒன்றுதான் சுத்தமான உண்மை. முதலாளிக்குப் பரம சந்தோஷம். "சாரோட பூனை ஐடியா வேலை செஞ்சிருச்சு பாருங்க" என்று மேனேஜரிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

டாக்டர் ஆபரேஷனை முடித்துக் கொடுத்த சாம்பலை ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்தேன். தையலை நக்காமலிருக்க பனியன் கையை வெட்டிச் சட்டை மாட்டிவிட்டிருந்தோம். அந்தச் சட்டையில் பால் ஊறி ஊறிக் காய்ந்தது. "ஒண்ணுமே நடக்காத மாதிரி அதுக்கு முன்னால உக்காந்து பேப்பர் படிக்காதீங்க" என்றாள் மனைவி.

கம்பெனியில் கொண்டுபோய் விட்டதும் அது நேராக வேஸ்ட் ரூமுக்கு ஓடியது. அதற்குள் புது வேஸ்ட் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு குவியலிலும் தலையை நுழைத்துக் கூப்பிட்டது. அது கத்தல் இல்லை. தொண்டைக்குள்ளேயே உருளுகிற ஒரு குரல், குட்டிகளிடம் மட்டும் பேசுவது. மூன்று நாள் கூப்பிட்டது.

மூன்றாம் நாள் செக்கிங் அக்கா வேலைக்கு வந்தார். நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மகளுக்கு என்ன குழந்தை என்று கேட்டேன்.

"பையனுங்க" என்றார். வேஸ்ட் ரூம் பக்கம் பார்த்துக்கொண்டே, "இதுக்கு இனிமே குட்டியே ஆகாதுங்களா சார்?"

"ஆகாதுங்க்கா."

"இந்த ஒரு ஈத்தாச்சும் பொழைக்கட்டும்னுதானுங்க நான் வர்ற வரைக்கும் இருங்கன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் போய் டியூப்லைட்டுக்குக் கீழே தன் மேஜையில் உட்கார்ந்து, ஒரு பனியனை விரித்துத் தைப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

இப்போது கம்பெனியில் இன்னும் இரண்டு பெண்பூனைகள் இருக்கின்றன என்று தெரியும். எங்கே படுக்கின்றன, எது சினை, எது போட்டது என்று கேட்டால், "தெரியலீங்களே சார்" என்கிறார்கள் செக்கிங் செக்‌ஷனில் அத்தனை பெண்களும், மிகுந்த மரியாதையோடு. போன வாரம் ஒருத்தி சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்தபடி என்னைக் கடந்து போனாள். பை அசைந்தது. நான் கூப்பிட்டேன். அவள் நடையை எட்டிப் போட்டாள்.