அக்காவின் ஆஸ்பத்திரி அட்டை

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் எனக்கு வேலை கிடைத்தது அக்கா செத்ததால்தான். இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. தலைப்பிரசவத்துக்கென்று போடிமெட்டு இறங்கி அம்மா வீட்டுக்கு வந்தவள், வலி கண்ட அன்றே மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. முப்பது நாள் கழிவதற்குள் பெரியவர்கள் கூடிப் பேசி, அக்கா புருஷனுக்கே என்னைக் கட்டிவைத்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

எஸ்டேட் ஆள் கணக்கான செக்ரோலில் அக்கா பெயரை அடிக்கவில்லை. மச்சான் லாரியில் லோடு ஏற்றுகிறவர். எஸ்டேட் கொடுத்த லயத்து அறை அக்கா பெயரில்தான் இருந்தது. அவள் செத்தது எஸ்டேட் ஆபீசுக்குத் தெரிந்தால் வேலையும் போகும், அறையும் போகும். எங்கள் இருவருக்கும் ஒரே முகச்சாடை. கங்காணிக்கும் லயத்துச் சனங்களுக்கும் விஷயம் தெரியும், ஆனால் வாயைத் திறக்க மாட்டார்கள். காலையில் அக்கா பெயரைக் கூப்பிடுவார்கள், நான் "வந்தேன்" என்பேன். முதல் சில நாள் வேறு யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

நான் உண்டாகி ஏழாம் மாதம் எனக்குக் கால் வீங்கியது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் துண்டு எழுதிக் கொடுத்து, வெளிநாட்டுச் சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மச்சானும் கூட வந்தார். துண்டிலிருந்த அக்காவின் செக்ரோல் நம்பரைப் பார்த்து மலையாளத்து நர்ஸ் தகரப் பெட்டியிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்தாள். அக்காவும் இங்கே வந்திருப்பாள் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அட்டையில் சிவப்பு மையில் நாலு வரி எழுதியிருந்தது.

வெள்ளைக்கார டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணுக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகம். எங்களுக்கும் அவர்கள் அப்படித்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

"ஆதியத்த குட்டி எவிடே?" என்று முதல் பிள்ளையைக் கேட்டாள் நர்ஸ்.

"தங்கல," என்றேன். அது பொய்யில்லை.

"ஹார்ட்டு மோசம், பிரசவம் இவிடெதான் வேணும்னு நின்டெ புருஷன்கிட்ட டாக்டர் அன்னே பறஞ்ஞதல்லே?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

டாக்டரம்மா குழலை என் நெஞ்சில் வைத்துக் கேட்டார். முகம் சுளித்தார். முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார், இன்னொரு குழலைக் கொண்டுவரச் சொல்லி அதிலும் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு அவர் தேடியது அக்காவின் நெஞ்சை. அது போடிக்குக் கீழே மண்ணுக்குள் கிடந்தது. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. வயிற்றில் பிள்ளை, ஊரில் அம்மா வாங்கித் தின்ன நான் அனுப்புகிற அரிசிக் காசு, அந்த ஒற்றை அறை எல்லாம் நினைவுக்கு வந்தன. வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் டாக்டரம்மா சிவப்பு மையில் எழுதியிருந்த நாலு வரியையும் பேனாவால் அடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பாஷையில் என்னவோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

"ஹார்ட்டுக்கு ஒண்ணுமில்ல. அன்னிக்கு டாக்டர் நெஞ்சில கேட்டது தப்பாம். சும்மா பயப்படுத்தினதுக்கு மன்னிக்கணும்னு சொல்றாங்க," என்றாள் நர்ஸ்.

நான் தலையாட்டினேன்.

திரும்பும் வழியில் மச்சானிடம் கேட்டேன். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா மச்சான்?"

"தலப்பிரசவம் ஆத்தா வீட்டுலதான புள்ள," என்றார். "வெள்ளக்காரி பேச்சக் கேட்டுப் பொண்ண அனுப்பாம வச்சிருந்தா, ஒங்காத்தாவே வந்து காறித் துப்பிருக்கும்."

துப்பியிருப்பாள். அதனால்தான் அவரை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

எனக்குச் சுகமாகப் பிரசவம் ஆனது, பெண் பிள்ளை. அம்மா வீட்டுக்கு நான் இறங்கவில்லை. அக்கா கனவில் வந்து மிரட்டுவாள் என்று லயத்தில் பயமுறுத்தினார்கள். அவள் ஒருநாளும் வரவில்லை. வருவது அந்த டாக்டரம்மாதான், கண்ணை மூடிக்கொண்டு, குழலைப் பிடித்துக்கொண்டு. அக்காவின் நெஞ்சைச் சரியாகக் கேட்டது அந்த ஒரு காதுதான். அதற்கப்புறம் அங்கே போன எந்தப் பெண்ணின் நெஞ்சிலாவது ஏதோ கேட்டு, முன்பு ஒருமுறை தப்பாய்க் கேட்டோமே என்று அந்தம்மா பேசாமல் அனுப்பியிருப்பாரோ? அவர் முன்பு கேட்டது சரிதான் என்று சொல்ல வேண்டியவள் நான். நான் அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.