இடது இழுப்பறை

ஒஹையோ ஆற்றங்கரை ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில், பில்லிங் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்த்தாள் வெர்லா ஹட்சின்ஸ். மார்பகக் கட்டியில் செய்யும் ஒவ்வொரு சோதனைக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. எல்லாமே அவளுக்கு மனப்பாடம்.

கீமோ தேவையா இல்லையா என்று சொல்லும் மரபணுச் சோதனைக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. நோயாளி வீடு திரும்பிப் பதினான்கு நாளுக்குள் டாக்டர் அதைக் கேட்டால், செலவு ஆஸ்பத்திரியின் தலையில். பதினைந்தாம் நாள் கேட்டால், வெளி லேப் நேராக அரசின் மெடிகேர் காப்பீட்டிடமே பணத்தை வாங்கிக்கொள்ளும். அதனால் அந்தச் சோதனையைக் கேட்டு டாக்டர் கையெழுத்திட்ட தாள்கள், தேதி போடாமல், பதினைந்தாம் நாள் வரும்வரை வெர்லாவின் இடது இழுப்பறையில் கிடந்தன.

அதில் ஒன்று நாடீன் கோஸ்கோவுடையது. வெர்லாவின் மகளை ஒன்பது வருடம் பள்ளிப் பேருந்தில் ஏற்றிச் சென்றவள். தினமும் காலை பத்து மணிக்கு அவளிடமிருந்து போன் வரும்.

"லேப்லேர்ந்து ஏதாவது வந்துச்சா, கண்ணு?"

"இன்னும் லேப்லதான் இருக்கு, நாடீன்."

"சரிடா தங்கம். உனக்குத்தான் எவ்ளோ தொல்லை குடுக்கிறேன்! தேங்க்ஸ்."

நாடீன் வீடு திரும்பிய ஒன்பதாம் நாளும் அந்த நன்றியைக் கேட்டுவிட்டு, வெர்லா போனை வைத்தாள். மேலாளர் மார்லிஸ் மேஜையோரம் நின்று டோனட் தின்றுகொண்டிருந்தாள்.

"நாடீனோட தாளையாவது இன்னைக்கே அனுப்பிடலாமே, மார்லிஸ்?"

"இன்னும் ஆறு நாள்தானே! கட்டியத்தான் வெட்டி எடுத்தாச்சே, இனி எங்க ஓடிடப்போகுது?" என்று விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள் மார்லிஸ்.

அறையே சிரித்தது. இதே நகைச்சுவைக்கு வருடக்கணக்காகத் தானும் சிரித்தது நினைவுக்கு வர, வெர்லாவுக்குத் தன் வாயே நாறுவது போலிருந்தது. இழுப்பறையை வெடுக்கென்று இழுத்தாள். ஏழு தாள்கள். ஏழிலும் அன்றைய தேதியை எழுதி, ஒவ்வொன்றாக ஃபேக்ஸில் செருகினாள்.

"உனக்குப் பைத்தியமா? நாளைக்கு இந்த நாற்காலியில நீ இருக்க மாட்ட!"

"வேண்டவே வேண்டாம். இதுல உக்காந்து உக்காந்து எனக்குக் குமட்டுது."

ஏழாவது தாளும் போய்ச் சேர்ந்த பிறகு, அவளே நாடீனுக்குப் போன் செய்தாள்.

"நாடீன், உங்க சோதனைத் தாள் இப்பதான் லேபுக்குப் போச்சு. இத்தனை நாளும் அது என் இழுப்பறையிலதான் இருந்துச்சு. நான் பொய் சொன்னேன்."



"உன் இழுப்பறையிலயா?" என்றாள் நாடீன். "தினமும் உனக்குத் தேங்க்ஸ் சொன்னேனே."

இந்த முறை அவள் 'கண்ணு' என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.