நான் போட்ட சஸ்பென்ஷன்

என் கணவர் இன்று இப்படி ஒடுங்கிக் கிடப்பதற்கு அவருடைய மறதி நோய் மட்டும் காரணமல்ல. நான்தான் காரணம். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. பெற்ற மகளிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு காலைப்பொழுது எங்கள் வீட்டில் இருந்து பாருங்கள்!

அவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். டெல்லி லோதி ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நாங்கள் ஊர்க்கோடியில் இருக்கும் துவாரகாவுக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. அவருடைய மூளை மட்டும் இன்னும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யவில்லை. விடிந்ததும் இஸ்திரி போட்ட சட்டை, கையில் டிபன் பை... ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

மறுத்து வாதாடக் கூடாதாம். வாதாடினால் பதற்றம் கூடுமாம். கூடவே கொஞ்சதூரம் நடந்து, பேச்சை மாற்றி, நயமாகத் திருப்பி அழைத்து வர வேண்டும் என்றார் டாக்டர். சொல்வது எவ்வளவு சுலபம்! நடப்பது என் முழங்கால் அல்லவா?

நடந்தேன். இன்றைக்கு கெஜட்டட் ஹாலிடே என்று சொல்லியும் பார்த்தேன். சற்று நேரம் தாங்கும். பிறகு மறுபடியும் டிபன் பை. "ஆன்ட்டிஜி, அங்கிள் ஃபிர் நிகல் கயே!" என்று, அவர் மறுபடியும் வெளியே கிளம்பிவிட்டதைக் காவலாளி கேட்டிலிருந்து இந்தியில் கத்துவான். மாவு பிசைந்த கையோடு ஓடுவேன்.

அன்று கடும் பனிமூட்டம். எதிரே வரும் ஆள் தெரியவில்லை. இவர் பெரிய சாலையின் நடுவே நின்று, வராத பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கார் அவரை உரசுகிற மாதிரி வந்து நின்றது. கையைப் பிடித்து இழுத்து வந்தேன். என் மூச்சு அடங்குவதற்குள் மறுபடியும் பையை எடுத்தார்.

"ஏளா, நேரமாச்சு. பஸ் போயிரும்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"ஆபீஸ் ஆபீஸ்னு ஏன் என் உயிர வாங்குதீங்க? உங்களத்தான் சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களே! எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க போவீங்க?"

ஏன் அந்தச் சொல்லை எடுத்தேன்? அரசுக் குடியிருப்பிலேயே காலம் கழித்தவளுக்கு அதன் கனம் தெரியாதா? யாராவது சஸ்பெண்ட் ஆனால் அந்த வீட்டுத் திரைச்சீலை பகலிலும் மூடியிருக்கும். அந்த வீட்டுப் பெண் காய்கறி வாங்கக்கூட இறங்க மாட்டாள். தெரிந்தேதான் சொன்னேன்!

பலித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்று முழுதும் வாசல் பக்கம் போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... எனக்கு நிம்மதியாக இருந்தது. வெகுநாள் கழித்து ஒரு காபியை ஆறுவதற்குள் குடித்தேன்.

காலையில் சாப்பிட்டதை மதியம் மறக்கிறவர், இதையும் மறந்துவிடுவார் என்று நம்பினேன். மறந்தார்தான்! யார் சொன்னது, எப்போது சொன்னது, எல்லாம் மறந்தார். அந்த ஒரு சொல்லும் அதன் அவமானமும் மட்டும் ஒட்டிக்கொண்டன. இப்போது திரைச்சீலையை அவரே இழுத்து மூடுகிறார். அழைப்பு மணி அடித்தால் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொள்கிறார்.

"விசாரணை முடிஞ்சிட்டு, உங்க மேல தப்பே இல்லன்னு ஆர்டர் வந்திட்டு" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். முகம் மலரும். அடுத்த நிமிடம் பழைய முகம். என்ன நோய் இது! கெட்டதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொள்கிற நோயா?

நோய் முற்றிவருகிறது என்று டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். மகள் அழுதாள். நான் ஒன்றும் அறியாதவள்போல் தலையாட்டினேன்.

போன வாரம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றார். ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனிதர் அவர்.

"ஏளா... நான் ஏதோ தப்பு பண்ணியிருக்கேன். இல்லாம சஸ்பெண்ட் பண்ணுவாங்களா? என்னன்னுதான் ஞாபகம் வரல. உனக்கும் தலைகுனிவு. என்னைய மன்னிச்சிரு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டாமா? பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அவர் வழியை விட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

"சரி, மன்னிச்சிட்டேன். போய் உக்காருங்க" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.