நாரையாரும் ஈரச் சட்டையும்

கைபேசியில் ஒரு கூட்டம் இருக்கிறது. சின்ன வயதில் பார்த்த கார்ட்டூன்களை எல்லாம் மறுபடி பார்த்து, அதில் யார் யாருக்கு ஆட்டிசம் என்று அலசிக்கொண்டிருப்பவர்கள். இந்தப் பூனை ஏன் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்குகிறது, அந்தக் கரடி ஏன் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு திரிகிறது என்று, வரைந்தவனே நினைக்காததை எல்லாம் கண்டுபிடிப்பார்கள். எதையும் சட்டென்று நம்பிவிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. வேலையற்றவர்கள் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். போன மாதம் அங்கே நாரையார் வந்து நின்றார். அதற்கு மேல் தள்ள முடியவில்லை.

நாரையார் ஒரு லெவல் கிராசிங்கில் கேட் கீப்பர். நாங்கள் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தபோது சாயங்காலம் ஐந்து மணிக்குத் தமிழ் பேசிக்கொண்டு டிவியில் வருவார். யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார்; காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஏற்ற இறக்கமில்லாத குரல். தினமும் அதே நீலத் தட்டு, அதே மீன். ரயில் ஊதினால் இரண்டு இறக்கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவார். ஆடி முடித்த பிறகுதான் கேட் திறக்கும். கேட்டுக்கு முன்னால் ஓர் ஆடும் ஓர் அணிலும் அதுவரை சும்மா நின்றுகொண்டிருக்கும். எனக்கு நாரையார் என்றால் உயிர்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லையாம். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஆடுகிறேனாம். தயிர் சாதம் தவிர வேறு எதையும் தொடுவதில்லையாம். பேசினால் ரேடியோ செய்தி வாசிப்பது போல இருக்கிறதாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள்.

எல்லாம் அந்தக் கொக்கு பண்ணுகிற வேலை என்றாள். அது கொக்கு இல்லை, நாரை என்று திருத்தினேன். தரையைப் பார்த்துக்கொண்டே திருத்தியதுதான் தப்பாகப் போயிற்று.

"நிமிந்து என்னைப் பாத்துப் பேசுடி. கண்ணைப் பாத்துப் பேசாதவங்க எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

அன்றைக்கே கேபிள் போயிற்று. நான் காதைப் பொத்துவதும் தலையைக் குனிந்துகொள்வதும் மட்டும் அப்படியே இருந்தன. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் போய்த் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஐந்து மணி ஆனால் என்னைத் தேடிக்கொண்டு வருவாள். நான் கொல்லைப் பக்கம் கூழாங்கற்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை அடுக்கிக்கொண்டிருப்பேன். அதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் அம்மா சொன்ன சட்டம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கண்ணைப் பார்க்காதவர்கள் எதையோ மறைக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவர்களைச் சோதித்துப் பார்த்தேன். மாட்டியது அப்பா.

அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஸ்டோர் பிரிவில் வேலை பார்த்தார். அவர் யார் கண்ணையும் பார்த்து நான் கண்டதில்லை. என்னிடம் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பார், அம்மாவிடம் பேசும்போது கடிகாரத்தைப் பார்ப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் அம்மாவுக்கு அது பெருமை. எங்க வீட்டுக்காரர் எந்தப் பொம்பளையையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார் என்று தெருக்குழாயடியில் சொல்லுவாள். அவர் மதியத்துக்குத் தினமும் தயிர் சாதமும் எலுமிச்சை ஊறுகாயும்தான் கொண்டுபோனார். அதற்குப் பெயர் சாப்பாட்டில் தொந்தரவில்லாத மனுஷன். காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார்; பனி ஒத்துக்காது என்று அம்மா சொல்லுவாள். சித்திரை வெயிலில் திருச்சியில் என்ன பனி என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் இந்த ஆள் எதையோ மறைக்கிறார் என்று உறுதியாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு அக்கா அம்மாவிடம் குணசீலம் என்ற பெயரைச் சொன்னார். திருச்சிப் பக்கம் அந்தப் பெயரை யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். மனசு சரியில்லாதவர்களை அந்தப் பெருமாளிடம் அழைத்துப்போவது வழக்கம். உச்சிவேளைப் பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். சில பேரை ஒரு மண்டலம் அங்கேயே தங்கவைப்பார்கள். இவ்வளவையும் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். எனக்கு முகத்தில் தண்ணீர் பட்டாலே அறை வாங்கினது போல இருக்கும். காலையில் முகம் கழுவிவிடுவதே அம்மாவுக்குத் தினசரி யுத்தம். அதைவிட, தங்கவைப்பார்கள் என்ற சொல்தான் என்னை விடாமல் பயமுறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்ரீரங்கம் போகிறோம் என்றாள் அம்மா. என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்த்துச் சொன்னாள். அதனால் நம்பினேன். பிறகு ஒயர் கூடைக்குள் எட்டிப் பார்த்தேன். என் கவுன் இரண்டு, ஒரு துண்டு. அவர்கள் துணி ஒன்றுகூட இல்லை. என்னை விட்டுவிட்டு வரப்போகிறார்கள் என்று புரிந்துபோயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினோம். காவிரிப் பாலம் வந்தது, தூரத்தில் ராஜகோபுரம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கோபுரம் ஜன்னலில் பின்பக்கமாகப் போய், பஸ் கொள்ளிடத்தையும் தாண்டிவிட்டது. அம்மா தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "குணசீலம் போறோம் பாப்பா. மணி அடிப்பாங்க. தண்ணி தெளிப்பாங்க. சில்லுன்னு இருக்கும். துடைச்சுக்கலாம். சாயங்காலம் மூணு பேரும் வீட்டுக்கு வந்துடுவோம்."

அம்மா கண்ணைத் திறந்து முழங்கையால் அவரை ஒரு இடி இடித்தாள். அவர் ஏன் இடித்தாய் என்று அவளிடமே கேட்டார். நானோ அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லையே.

கோவிலில் நல்ல கூட்டம். பூஜை முடிந்து பட்டர் தீர்த்தச் சொம்போடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் முகத்தில் தண்ணீர் விழுந்து அவன் ஓவென்று கத்தினான். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அழுதேன். அம்மா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அப்பா என்னைத் தாண்டி முன்னே போய் நின்றார்.

"சாமி, எனக்கு முதல்ல தெளிங்க. பாப்பா பாத்துக்கட்டும்."

பட்டர் ஏன் என்று கேட்கவில்லை. தண்ணீர் அப்பாவின் முகத்தில் அடித்தது, சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. அடுத்தது நான். சில்லென்று இருந்தது, அவர் சொன்ன மாதிரியே. நான் வாயைத் திறந்து அழுவதற்குள் தலைக்கு மேலே பெரிய மணி அடிக்க ஆரம்பித்தது, மேளமும் சேர்ந்துகொண்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினேன். பக்கத்தில் பார்த்தால் அப்பாவும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணை இறுக மூடி, முழங்கை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அவரும் ஆடினார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அம்மாவும் பார்த்ததில்லை என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. தீர்த்தத்துக்கு நீட்டிய கையை மடக்கக்கூட மறந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் ஓய்ந்து வெளி மண்டபத்தில் உட்கார்ந்தோம். அம்மா அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, அந்தக் கொக்கு படத்தை நீங்களும் பாப்பீங்களா?"

"எந்தக் கொக்கு?" என்றார் அப்பா, தூணைப் பார்த்து.

நாரை என்றேன் நான்.

"அஞ்சு மணிக்குப் போடுவான்ல, அது."

"அஞ்சு மணிக்கு நான் ஒர்க்ஷாப்லதானே இருப்பேன்? அதெல்லாம் பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்குப் பஞ்சை மறந்துட்டு வந்துட்டேன்" என்றார்.

அம்மா கூடையிலிருந்து துண்டை எடுத்தாள். நான் முகத்தை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் தலையையும் துவட்டிவிட்டாள். துடைக்கும்போதே அழுதாள். எனக்கு மாற்றிக்கொள்ள இரண்டு கவுன் இருந்தது, அவருக்கு ஒரு சட்டைகூட யாரும் எடுத்துவைத்திருக்கவில்லை. ஈரத்தோடுதான் பஸ்ஸில் வந்தார். அப்பா மறைத்துவைத்திருந்தது பிடிபட்டுவிட்டது, அதனால்தான் அம்மா அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். என்னை விட்டுவிட்டு வராததே எனக்குப் போதுமாக இருந்தது.

போன வருஷம் தில்லைநகரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்ற வார்த்தையை எனக்கும் பொருத்திச் சொன்னார். அப்பாவை யாரிடமும் காட்டியதில்லை. இப்போதும் காதில் பஞ்சோடு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பொய் கலக்காமல் பேசுகிறார்.

குணசீலம் போய் வந்த மறுநாளே கேபிள் திரும்பி வந்தது. தீர்த்தம் பலித்துவிட்டது, அதற்குப் பரிசு என்று நம்பினேன். ஐந்து மணிக்கு அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரயில் ஊதியது. நாரையார் இறக்கையால் காதைப் பொத்திக்கொண்டு ஆட ஆரம்பித்தார். அவரைப் பார் என்று அம்மாவின் கையைச் சுரண்டினேன். அவள் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ பொறுமையா நிக்குதுங்க பாரு, அந்த ஆடும் அணிலும்" என்றாள்.

நாரையார் இருக்கும்போது அதுகளை எதற்காக இவ்வளவு உற்றுப் பார்க்கிறாள் என்று எனக்கு மறுபடியும் அம்மா மேல் சந்தேகம் வந்தது.