இரும்புலியூரில் காயாத நட்சத்திரங்கள்

சாயங்காலம் ஆறு மணி, இரும்புலியூர், வெப்பம் இருபத்து நான்கு டிகிரி. என் மகள் லியாவின் தலையில் அண்ணி ஒரு மங்கி குல்லாவை இழுத்து மாட்டினார். ஜெர்மனியில் மைனஸ் ஐந்தில் உறைபனியில் உருண்டு புரள்கிற ஏழு வயசுப் பெண் அவள். "இஷ் ஷ்விட்சே" என்று என் காதோரம் முனகினாள். வியர்க்கிறதாம். "பாத்தீங்களா தம்பி, குளுருல கொழந்த எப்பிடி முனகுது! பனி தலையில எறங்கினா அவ்ளோதான், சளி புடிச்சிக்கும்" என்று அண்ணி ஒரு ஸ்வெட்டரையும் கொண்டுவந்து போட்டுவிட்டார். அண்ணியை நான் எந்த முகத்தோடு தடுப்பது? மறைமலை நகர் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டு போன காலத்தில் இதே குல்லாவோடு பஸ் ஜன்னலோரம் நடுங்கிய ஆள்தானே நானும்! இப்போது அதே மார்கழியில் எனக்குச் சட்டை நனைகிறது. உடம்பு எப்போது கட்சி மாறியது என்று தெரியவில்லை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லப்போகும் பயம் புரியும். வந்திறங்கிய அன்றைக்கே லியா, அண்ணனின் பிள்ளைகள் ஜோயலுக்கும் ஜென்சிக்கும் முன்னால் நிமிர்ந்து நின்று, "வணக்கம். நான் லியா. தாங்கள் நலமா?" என்றாள். ஜெர்மனியில் எங்கள் ஊர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. ஜோயலுக்கு ஒன்பது வயசு, ஜென்சிக்கு ஏழு, கெட்ட எண்ணம் ஏது? ஆனால் அன்றோடு லியா வாயைத் தைத்துக்கொண்டாள். பேச்செல்லாம் என்னிடம், அதுவும் ஜெர்மனில். மனைவிக்கு ஆஸ்பத்திரி வேலை, கிறிஸ்துமஸுக்கு லீவு கிடையாது. பெண்ணை நான் தனியாகக் கூட்டிவந்ததே, இந்த மண்ணில் அவளுக்கென்று இரண்டு பேராவது ஒட்டட்டும் என்றுதான். இந்த முறை ஊமையாகவே திரும்பினாள் என்றால் அடுத்த முறை விமானத்தில் ஏறவே மாட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், அது என் பிடிவாதம்தானே.

சரி, வாய்தான் வேலை செய்யவில்லை, கையாவது செய்யட்டும் என்று மைதாவும் தூள் உப்பும் வாங்கிவந்தேன். ஜெர்மனியில் டிசம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு 'பாஸ்டெல்ன்' என்று ஒன்று நடக்கும். நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேறு என்னதான் செய்வது? காகிதம் வெட்டுவது, பைன் காய்க்குச் சாயம் பூசுவது, உப்பு மாவில் நட்சத்திரம் செய்து கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவது, இதுதான் பாஸ்டெல்ன். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர். பிசைந்து, தேய்த்து, வெட்டி, ஸ்ட்ராவால் ஓட்டை போட்டு, அறையைச் சூடாக்கும் ஹீட்டர் மேல் வைத்தால் கல்லாகக் காய்ந்துவிடும்.

அதில் நான் முதலில் பட்ட அவமானம் இருக்கிறதே! லியாவின் பாலர் பள்ளியில் பெற்றோரையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தாம்பரம் பள்ளிக்கூடப் பழக்கம்தான். பிராஜெக்ட் என்றால் மார்க்கெட்டில் தெர்மாகோல் வாங்கிவந்து அப்பா செய்வார், பிள்ளை தூக்கிக்கொண்டு போகும், பரிசும் வாங்கும். அதே வேகத்தில் லியாவின் மாவைப் பிடுங்கி அச்சு அசலாக ஒரு நட்சத்திரம் செய்து நீட்டினேன். டீச்சர் "ஷோன்", அழகு, என்று சிரித்துவிட்டு இன்னொரு உருண்டை மாவை எங்கள் முன்னால் வைத்தார். பார்த்தாயா, இன்னொன்று கேட்கிறார்கள் என்று எனக்கு ஒரே பெருமை, இரண்டாவதை இன்னும் ஜோராகச் செய்தேன். மூன்றாவது உருண்டையை அவர் என் கண்ணையே பார்த்தபடி லியாவின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். அவள் செய்தது நண்டா நட்சத்திரமா என்று இன்றுவரை தெரியாது. கூடத்தில் நடுநாயகமாக மாட்டினது அதைத்தான்.

அதனால் இரும்புலியூர் மொட்டைமாடியில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அடடா, என்ன ரகளை! ஜோயல் நட்சத்திரம் செய்யமாட்டேன் என்று விமானம் செய்தான். நிமிர்ந்தால் விமானம் போகிற ஊர், வேறு எதைச் செய்வான்? ஜென்சி மூக்கெல்லாம் மைதா. லியா பேசாமலே அதிகாரம் செய்தாள். ஓட்டை போட மறந்தால் ஸ்ட்ராவை எடுத்து நீட்டுவாள், மாவு கெட்டியானால் ஜோயலின் கையைத் தட்டுவாள். தன் நட்சத்திரத்தில் தீக்குச்சியால் தன் பேரின் முதல் எழுத்தைக் கீறி, மற்றவர்களுக்கும் குச்சியை நீட்டினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மூன்று பேரும் ஒரே தட்டைக் குனிந்து பார்க்கிறார்களே, அதுவே போதும்போல இருந்தது.

நட்சத்திரங்கள்தான் காயவில்லை. மழை விட்டும் விடாத டிசம்பர் வானம். காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துக்கொண்டது. மறுநாள் பார்த்தால் நட்சத்திரங்கள் வியர்த்துக்கொண்டிருந்தன, அதற்கடுத்த நாளும் அப்படியே. அண்ணி வீட்டில் ஓவன் இல்லை, கேக்கையே பேக்கரியில் கொடுத்துத்தான் சுட்டு வாங்குவார். லியா மணிக்கொரு தரம் மாடிக்கு ஓடி விரலால் அழுத்திப் பார்த்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் தூறல் போட, தட்டைத் தூக்கிவந்து சமையலறை மேடையில் வைத்தேன். மாடிப்பக்கமே வராத அண்ணியிடம் அது என்னவென்று சொல்ல மறந்துவிட்டேன். அழப்போகிறவளைத் திசைதிருப்ப மூன்று பேரையும் ரிப்பன் வாங்க மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

அன்றைக்கு வீட்டில் கலகலா சுடுகிற நாள். சர்க்கரை போட்ட மைதாவை வெட்டி எண்ணெயில் பொரிக்கிற பலகாரம் அது, கிறிஸ்தவ வீடுகளில் அது இல்லாமல் கிறிஸ்துமஸ் கிடையாது. அண்ணிக்குக் கூடமாட ஒத்தாசைக்குக் கீழ் வீட்டுச் செல்வி அக்கா வந்திருந்தார். நாங்கள் உள்ளே நுழைந்தபோது வீடே மணத்தது. அண்ணி பெரிய தாம்பாளத்தோடு சிரித்துக்கொண்டு வந்தார். "அழகா ஸ்டார் ஸ்டாரா வெட்டி வச்சிருந்தீங்களே தம்பி, அப்பிடியே பொரிச்சு எடுத்துட்டேன். உள்ள வேகணும்னு ஓட்டை வேற போட்டிருக்கீங்க, நல்ல ஐடியா!"

தாயைக் காணாத கன்று மாதிரி லியா தாம்பாளத்தையே பார்த்தாள். பொன்னிறத்தில் நட்சத்திரங்கள், கொப்புளம் கொப்புளமாக. ஒரு விமானம். நான் அவளைத் தூக்கப் போனேன். அதற்குள் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீடு அதிரக் கத்தினாள்.

"இன்னாத்துக்கு இத்த பொரிச்ச நீ? இது துன்றதுக்கு இல்ல! மாட்றதுக்கு!"

'தாங்கள் நலமா' எங்கே, இது எங்கே! இத்தனை நாளும் வாயைத்தான் மூடியிருக்கிறாள், காதை அல்ல. காலையிலிருந்து ராத்திரிவரை மாடிப்படியில் செல்வி அக்கா பேசியதெல்லாம் உள்ளே போய்ப் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஜோயலின் உதடு துடிப்பதைப் பார்த்தேன். கர்த்தரே, இவன் சிரித்துவிடக் கூடாதே, மறுபடி இவள் வாய் மூடிக்கொள்ளுமே என்று வேண்டிக்கொண்டேன்.

காப்பாற்றியவர் செல்வி அக்காதான். சத்தம் வந்த நேரம் அவர் வாயில் ஒரு நட்சத்திரம் இருந்தது. "யம்மாடி!" என்று கழுவுதொட்டிக்கு ஓடினார். "இன்னா அண்ணி, உப்பு லாரியே கவுந்துகீதா மாவுல?" வாய் கொப்பளித்துவிட்டு லியாவின் கன்னத்தைக் கிள்ளினார். "கொயந்த கரெக்டாதான் சொல்லுது. நம்மாளு இது, பேச்சப் பாத்தியா!"

ஜோயல் வெடித்துச் சிரித்தான். ஜென்சியும் சிரித்தாள். லியா இருவரையும் மாறி மாறி முறைத்தாள். பிறகு அவளுக்கே அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தேன். அண்ணி மட்டும் "ஐயோ, பாவம்மா, பெரியம்மாவுக்குத் தெரியாதே" என்று பதறிக்கொண்டிருந்தார். லியா ஒரு நட்சத்திரத்தை எடுத்துத் தட்டினாள். டங் என்றது. காய்ந்துவிட்டது! ஹீட்டராலும் முடியாத அளவுக்கு, எலும்பாகக் காய்ந்துவிட்டது. "சூப்பர் பெரியம்மா!" என்று அண்ணியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

அப்புறம் அந்த வாயை மூட யாராலும் முடியவில்லை. துடைத்து, ரிப்பன் கோத்து, எதை எங்கே மாட்டுவது என்று மூன்று பேருக்கும் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் தீர்ப்பை லியாதான் சொன்னாள். தன் எழுத்துப் போட்ட நட்சத்திரம் இங்கே ஜன்னல் கம்பியில் தொங்கும், ஜென்சியின் நட்சத்திரமும் ஜோயலின் விமானமும் பெட்டியில் ஏறி ஜெர்மனி ஜன்னலுக்குப் போகும். அப்போதுதான் எல்லோரும் ரெண்டு ஊர்லயும் இருக்கலாமாம். ஜோயல் நாற்காலி மேல் ஏறி அவளுடையதைக் கட்டினான்.

நான் ராத்திரி ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது தாம்பாளத்தில் ஒன்று மீதி இருந்தது. கோணல்மாணலாக 'அப்பா' என்று தமிழில் கீறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு லியா ஜன்னலைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"உன்னுத எங்கப்பா மாட்றது? இங்கயா, அங்கயா?"

நானும் ஜன்னலைப் பார்த்தேன், பெட்டியைப் பார்த்தேன். பிள்ளைகள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். "குடு, நானே வச்சிக்கிறேன்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஆராதனை முடிகிறதற்குள் பை முழுக்க எண்ணெய் ஊறி, துணி வழியே நட்சத்திரம் வெளியே தெரிந்தது.