ஈரக்கையும் பதினெட்டு ஜோடிக் கையுறையும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனால் ஒரு பித்தளை வாத்தியத்தைப் பார்த்த மாத்திரத்தில், எதைக் கொண்டு துடைத்தார்கள், எத்தனை தடவை கீழே போட்டார்கள் என்று சொல்லிவிடுவேன். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. இருந்தாலும் இது என் கதையில்லை. என் மனைவியின் தம்பியுடையது.

பேண்டு குழுவில் அவனுக்கு ஈரக்கை என்று பெயர். அவனோடு கை குலுக்கினால் நாம் துண்டு தேட வேண்டும். பரம சாது. யாராவது திட்டினால் பதில் பேசமாட்டான், வியர்ப்பான்.

குழுவுக்கு வந்த புது ட்ரம்பெட்டை பேண்டு மாஸ்டர் அவனிடம்தான் கொடுத்தார். எட்டே மாதத்தில் மேல்பூச்சு உரிந்து, தேமல் விழுந்த முகம் போல ஆகிவிட்டது. பூச்சுள்ள வாத்தியத்துக்குப் பாலிஷ் ஆகாது, சுரண்டிவிடும். அதைத்தான் இவன் போட்டுத் தேய்த்திருக்கிறான் என்று மாஸ்டர் முடிவு கட்டினார். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் குழுவில் இடமில்லை.

பதினேழு வருஷம் ஊதியவன், ட்ரம்பெட்டும் கையுமாக, வியர்வை சொட்டச் சொட்ட, வாத்தியம் பழுதுபார்க்கும் என் பட்டறைக்கு வந்தான். "அத்தான், வெதுவெதுப்பான தண்ணில சோப்பு கலந்து, மெத்துனு ஒரு துணியால தொடச்சேன். நீங்க சொன்னபடிதான்."

அதிலேயே பாதி வழக்கு முடிந்தது. நான் சொன்னது தப்பாக இருக்க வழியில்லை.

பாலிஷ் போட்டிருந்தால் மூலைமுடுக்கில் வெள்ளைப்பொடி தங்கும். இதில் இல்லை. விரலால் அழுத்தும் பிஸ்டன்களைச் சுற்றி, இடது கை பிடிக்கும் இடம் மட்டும், விரல் விரலாக உரிந்திருந்தது. சிலருடைய வியர்வை அப்படி, பூச்சைத் தின்றுவிடும்.

மாஸ்டரிடம் நேரில் போய் விளக்கினேன். அப்படியானால் அவன் கையே இந்நேரம் கரைந்திருக்க வேண்டுமே என்று சிரித்தார். நான் முதலிலிருந்து மறுபடி விளக்க ஆரம்பித்தேன்.

அதற்குள் கூட வந்திருந்த என் மனைவி, பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். தம்பியின் கைக்கடிகாரம். அவன் மூக்குக்கண்ணாடி. அவன் வீட்டு வாசல் கதவின் கைப்பிடி. திருகிக் கழற்றியே கொண்டுவந்திருந்தாள். மூன்றிலும் அதே தேமல்.

"இதுக்கெல்லாம் கூடவா சார் பாலிஷ் போட்டான்?"

மாஸ்டர் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரிம்மா, இப்ப உங்க தம்பி வீட்டுக்குள்ள எப்படிப் போவாரு?"

"தட்டுவான். பொண்டாட்டிக்கு மனசிருந்தா திறப்பா."

அவர் சிரித்த சிரிப்பிலேயே ஈரக்கையின் இடம் உறுதியாகிவிட்டது. கையுறை போட்டுத்தான் ஊத வேண்டும் என்று ஒரு நிபந்தனை மட்டும். ஒருத்தன் மட்டும் போட்டால் அணிவகுப்பில் பல்லிளிக்கும் என்பதால் பதினெட்டுப் பேருக்கும் வெள்ளைக் கையுறை வந்தது. பார்க்கிறவர்கள், என்ன கம்பீரம் என்கிறார்கள். கையுறை என் யோசனை. வாய்விட்டு முதலில் சொன்னது என் மனைவி, அவ்வளவுதான்.

ஈரக்கைக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஜோடி வேண்டியிருக்கிறது. கழற்றியதெல்லாம் மாஸ்டரின் நாற்காலி முதுகில் வரிசையாகக் காய்கிறது.