தவசிக்கு வந்த ரெண்டு ரெஞ்சு

மலைக்கு அந்தப் பக்கம் கேரளான்னு புதுசாப் பேர் வச்சிருந்த சமயம். போடியிலருந்து மலையேறுற லாரியும், மலையிறங்கி வர்ற லாரியும் அடிவாரத்து முந்தல் ஊர்ல ஒரு தரம் நின்னுதான் போகும். டிரைவரும் கிளீனரும் டீக்கடைக்குப் போவாங்க, தவசி வீலைக் கழட்டிப் பாத்து நட்டை முடுக்குவான். ஒரு ஜாக்கி, ஒரு வீல் ஸ்பேனர், அந்த ஸ்பேனர் பிடியில சொருக ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பைப்பு. கடைன்னா அம்புட்டுதான். கடை போட்டிருந்த இடமும் ஜாக்கியும் லாரி முதலாளி சீனிச்சாமியோடது.

மலையிறக்கத்துல பிரேக்கைப் பிடிச்சுப் பிடிச்சு வீலு கொதிச்சுப் போய் வரும். அந்தச் சூட்டுல நட்டு கவ்விக்கிரும், லேசுல விடாது. பைப்பைச் சொருகி, அது மேல ஏறி நின்னு மிதிக்கணும். சித்திரையில அப்படி மிதிக்கிறப்ப பைப்பு வழுக்கிருச்சு. தவசி மல்லாக்க விழுந்தான், வலது தோள்பட்டை கழண்டு போச்சு. ராசிங்காபுரத்து வைத்தியர் ஏத்திக் கட்டினார். கட்டுப் பிரிச்ச பிறகும் கை நெஞ்சுக்கு மேல வரல. ஒரு செம்புத் தண்ணி தூக்கினாலே நடுங்கும்.

கை இன்னும் சரியாகலைங்கிறது வெளிய தெரியக்கூடாது. தெரிஞ்சா அவ்வளவுதான். போன வருசம் கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு வாய் தவறிச் சொன்ன கன்னையன் டிரைவரை, பொழுது சாயுறதுக்குள்ள வீட்டுக்கு அனுப்பின மனுசன் சீனிச்சாமி. இரக்கம் இல்லாதவர்னு சொல்ல முடியாது, தீபாவளிக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுப்பார். ஆனா வண்டி நிக்கக்கூடாது. வண்டி நின்னா அவருக்குச் சோறு இறங்காது.

அதனால இத்தனை மாசமா பைப்பு மேல ஏறி மிதிச்சது தவசி இல்ல, அவன் பொஞ்சாதி செல்லக்கிளி. இந்தக் கடை போடுறதுக்கு முன்னாடி குரங்கணி மலையில காப்பி மூட்டை சுமந்தவ. டிரைவர் டீக்கடைப் பக்கம் திரும்பின கையோட ஓடி வந்து, சேலையைத் தூக்கிச் சொருகி, லாரிக்கு மறுபக்கமா ஏறி நின்னு ஒரு மிதி. நட்டு விட்டதும் அவ அடுப்படிக்குப் போயிருவா, தவசி ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குற மாதிரி நிப்பான். நல்ல நடிப்புத்தான் போங்க!

இந்த லட்சணத்துல ஒரு திங்கக்கிழமை, முதலாளி போடி லாரி ஷெட்டுக்குக் கூப்பிட்டு விட்டார். மதுரையில பழைய மிலிட்டரி சாமான் விக்கிற ஒருத்தர், காத்துல ஓடுற ரெஞ்சு ரெண்டு கொண்டாந்திருந்தார். கூடவே காத்துப் பிடிச்சு வைக்கிற டேங்கும் எஞ்சினும். துப்பாக்கி மாதிரி ஒரு விசை, அமுக்கினா தடதடன்னு நட்டைத் திருகுது. மதுரைக்காரரே தூக்கிப் பிடிச்சுக் காட்டினார். சின்னது கைக்கு அடக்கம், ஆனா சூடேறின நட்டுல வச்சா சும்மா கத்துது, நட்டு அசையல. பெரிசு ஒரே உறுமல், நட்டு கையோட வந்துருச்சு. ஆனா அது அம்மிக்கல்லுக் கனம்.

"நீதான் பிடிக்கப் போற, நீயே சொல்லு. வெள்ளிக்கிழமை ஒண்ணைத் திருப்பி அனுப்பணும்" என்றார் முதலாளி.

தவசி மனசுக்குள்ள கணக்குப் போட்டான். பெரிசைக் கேட்டா தூக்கச் சொல்லுவார், குட்டு உடைஞ்சு போகும். சின்னதைக் கேட்டா நட்டு கழலாது, வண்டி நிக்கும், அப்பவும் வேலை போகும். எந்தப் பக்கம் போனாலும் சுவரு. பெரிசைக் குனிஞ்சு ரொம்பக் கருத்தா பாக்குற மாதிரி பாத்துட்டு, "யோசிச்சுச் சொல்றேன் முதலாளி"ன்னு நழுவி வந்துட்டான்.

மூணு நாளாச் சோறு இறங்கல. ராத்திரி புரண்டு புரண்டு படுத்தான். சின்னதுங்கிறான், பெரிசுங்கிறான், வேணாம் சின்னதுதாங்கிறான். செல்லக்கிளிக்கு எரிச்சல் வந்துருச்சு. "ஆத்தாகிட்டயே கேட்ருவோம், எந்திரி" என்று காளியம்மன் கோயிலுக்கு இழுத்துட்டுப் போனா.

பூக்கட்டிப் பாக்குறதுன்னு முடிவாச்சு: வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எது எதுக்குன்னு மனசுக்குள்ள நினைச்சுக்கிரணும், வாய்விட்டுச் சொன்னா பலிக்காது. ரெண்டு பேரும் கண்ணை மூடி நின்னாங்க. பூசாரி ஒண்ணை எடுத்துப் பிரிச்சார். வெள்ளை.

"அப்பாடா, சின்னது" என்றான் தவசி.

"என்ன சின்னது? வெள்ளைன்னா பெரிசு!" என்றாள் செல்லக்கிளி.

"நான் வெள்ளைக்குச் சின்னதுன்னு நினைச்சேன் புள்ள."

"நான் பெரிசுன்னு நினைச்சேன். மிதிக்கிறவளுக்குத் தெரியாதா நட்டோட தெம்பு?"

மறுபடி கேக்கலாமான்னா, ஒரே காரியத்துக்கு ரெண்டு தரம் ஆத்தாளைக் கேக்கக்கூடாதுன்னு பூசாரி நடையைச் சாத்திட்டார். இருந்த குழப்பம் போதாதுன்னு இப்ப சாமி குழப்பமும் சேர்ந்துக்கிருச்சு.

வெள்ளிக்கிழமை செல்லக்கிளியும் கூடவே கிளம்பினா. சந்தைக்குன்னு சொன்னா, ஆனா ஷெட்டு வாசல்லயே நின்னுக்கிட்டா. உள்ளே மலையிறங்கி வந்த லாரி ஒண்ணு, சூடு ஆறாம நின்னுச்சு. ரெண்டு ரெஞ்சும் தரையில கிடந்துச்சு.

"எதுப்பா?" என்றார் முதலாளி.

தவசி சின்னதைப் பார்த்தான், பெரிசைப் பார்த்தான். சின்னதுன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனா அந்த வீலு கண்ணுல பட்டுச்சு. அரைகுறையா முடுக்கின நட்டோட ஒரு வண்டி மலையேறினா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியாதா? பொய் சொல்ல மனசு வரல.

"சோலிக்குப் பெரிசுதான் வேணும் முதலாளி. ஆனா என்னால தூக்க முடியாது. தோளு போயி ரொம்ப மாசமாச்சு."

சீனிச்சாமி ஒரு எட்டு கிட்ட வந்தார்.

"அப்ப இத்தனை மாசமா என் வண்டிக்கு நட்டைக் கழட்டுனது யாரு?"

தவசி வாசப்பக்கம் கையைக் காட்டினான். பயத்துல இடது கைக்குப் பதிலா வலது கையை நீட்டிட்டான், அது பாதியிலயே நின்னு போச்சு.

செல்லக்கிளி யாரும் கூப்பிடக் காத்திருக்கல. உள்ளே வந்தா. பெரிசைத் தூக்கி, தண்ணிக் குடம் வைக்கிற மாதிரி இடுப்புல வச்சா. லாரிகிட்டப் போயி ஒத்தை முட்டி போட்டு உக்காந்து, ரெஞ்சைத் தொடையில தாங்கிக்கிட்டு விசையை அமுக்கினா. ஷெட்டே அதிர்ந்துச்சு. நட்டு கழண்டு வந்துச்சு. அடுத்த நட்டுக்கு நகர்ந்தா.

"எம்புட்டு நேரம்மா தூக்குவ இதை?" என்றார் முதலாளி. குரல்ல அதிகாரம் குறைஞ்சிருந்துச்சு.

"மூணு புள்ளைய இந்த இடுப்புல வச்சுக்கிட்டுத்தான் குரங்கணி ஏறி இறங்கினேன். இது அழக்கூடச் செய்யாதே."

சீனிச்சாமிக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டார். மதுரைக்காரர் பக்கம் திரும்பி, "சின்னதைக் கொண்டு போயிருங்க" என்றார்.

தனக்கு வேலை இருக்கா இல்லையான்னு தவசிக்குப் புரியல. கேக்கவும் தைரியம் இல்ல. காத்துக் குழாய் செல்லக்கிளி காலைச் சுத்திக் கிடந்துச்சு. குனிஞ்சு, அவளுக்குத் தட்டாம, இடது கையால அதை ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டான்.

"நல்லா இழுத்துப் பிடிய்யா, அடுத்த வீலுக்குப் போகணும்" என்றாள் அவள்.